அறுபத்தொன்றில் நின்ற நகல்

எம். புதுப்பட்டியில் இருக்கும் அந்தப் பட்டாசு கம்பெனிக்கு நான் போனது காலை பத்தரை மணிக்கு. பேய் நடமாடும் நேரமா அது என்று நீங்கள் சிரிக்கலாம். நானும் அப்படிச் சிரித்துக்கொண்டிருந்தவள்தான். சிவகாசியில் பன்னிரண்டு வருடமாகக் கம்ப்யூட்டர் பழுது பார்க்கிறேன். அதுவரை என்னைப் பயமுறுத்தியது வீட்டுக்காரர் வாடகை கேட்டு வருவது ஒன்றுதான்.

வாசலில் செல்போனை வாங்கிப் பெட்டியில் போட்டார்கள். சுவரில் ஒரு செம்புத் தகடு. உடம்பில் ஏறியிருக்கும் மின்சாரம் இறங்குவதற்காக, உள்ளே போகிற எல்லோரும் அதைத் தொட்டுவிட்டுத்தான் போக வேண்டும். வெடிமருந்துக்குப் பக்கத்தில் ஒரு சின்னப் பொறி போதும். எங்கள் தொழிலிலும் ஹார்ட் டிஸ்க்கைத் தொடுமுன் இரும்பைத் தொடுவோம். நம் தொழில்காரத் தகடு என்று நினைத்துக்கொண்டே கை வைத்தேன்.

காலையிலிருந்து வெயிலில் கிடந்த தகடு சில்லென்று இருந்தது.

மேனேஜர் சங்கரபாண்டியன் ஆபீசில் காத்திருந்தார். "வாங்கம்மா. ஆள் வருகை, கேமரா பதிவு எல்லாம் இந்த ஒரே கம்ப்யூட்டர்லதான். டிஸ்க் நிறைஞ்சு போச்சு. இருக்கிறதை அப்படியே பெரிய டிஸ்க்குக்கு மாத்திட்டு, பழசை இங்கனயே உடைச்சிருங்க. நாளைக்குச் சோதனை போட ஆபீசருக வாராக."

பழசை ஏன் உடைக்க வேண்டும் என்று நான் கேட்கவில்லை. அவர் ஒரு வார்த்தை சொன்னால்தான் அந்தப் பக்கத்து ஆறு கம்பெனிகளில் எனக்கு வேலை.

புது டிஸ்க்கை மாட்டி நகலெடுக்க விட்டேன். அறுபத்தொரு சதவீதத்தில் நின்றது.

அதே நொடியில், கதவோரம் இருந்த வருகை இயந்திரம் பேசியது. கார்டைக் காட்டினால் பெண் குரலில் "தேங்க் யூ" சொல்லும் பெட்டி அது.

அங்கே யாருமில்லை.

கேபிளை மாற்றினேன். மறுபடி அறுபத்தொன்று. மறுபடி "தேங்க் யூ". பெட்டிக்கும் கிறுக்குப் பிடித்துவிட்டது என்று சொல்லிக்கொண்டு வேறு போர்ட்டில் செருகினேன். மூன்றாவது தடவையும் அதே இடம், அதே குரல். இந்தத் தடவை நான் சிரிக்கவில்லை. ஆபீசுக்குள் கந்தக வாடை அடித்தது.

பழைய டிஸ்க்கைச் சோதித்தேன். பழுதான இடத்தில் ஒரே ஒரு கேமரா பதிவு இருந்தது. பதினாலாம் அறை. எட்டு மாதத்துக்கு முந்தைய தேதி. மணி மூன்று பத்து.

அந்தத் தேதி வட்டாரத்துக்கே தெரியும். பதினாலாம் அறை வெடித்து மூன்று பெண்கள் செத்த நாள்.

"பழுதானதை விட்டுட்டு மிச்சத்தை எடுங்க" என்றார் மேனேஜர். திரையைப் பார்க்காமலே சொல்லிவிட்டு வெளியே போனார்.

டீ கொண்டுவந்த பெண் போகாமல் நின்றாள். பெயர் இசைவாணி. ஆபீசைக் கூட்டித் துடைப்பவள்.

"அக்கா, அதை விட்டுராதீக" என்றாள் மெதுவாக. "அப்ப எனக்குப் பதினாலாம் ரூம்லதான் வேலை. அன்னைக்குக் காய்ச்சல். லீவு போட்டா வேலை போயிரும்னு என் கார்டை எடுத்துக்கிட்டு என் தங்கச்சி யோகலட்சுமி வந்தா. பதினாலுக்குள்ளதான் போனா. உடம்புன்னு ஒண்ணும் கெடைக்கல. அடுத்தவ கார்டுல ஆளை உள்ள விட்டது தெரிஞ்சா லைசென்சு போயிரும்லா? அப்படி ஒருத்தி வரவேயில்ல, அவ மூஞ்சியே தெரியாதுங்காரு மேனேஜரு. யாரோடயோ ஓடிட்டாளாம். எங்கம்மா இன்னமும் ராத்திரி அவளுக்குச் சோறு எடுத்து மூடி வைக்குது. அவ செத்துட்டான்னு சொல்ல எங்கிட்ட ஒண்ணுமில்லக்கா. அந்தப் பதிவு ஒண்ணுதான்."

நான் என்ன செய்தேன் தெரியுமா? ஆறு கம்பெனிகளை நினைத்தேன். 'பழுதானதைத் தவிர்' என்ற கட்டத்தை அழுத்தினேன். அவள் முகத்தை நான் பார்க்கவில்லை.

நகல் மளமளவென்று முடிந்தது. ஆனால் புது டிஸ்க் திறக்கவில்லை. இது எங்களுக்குப் பழகிய தொல்லை. நகலெடுக்கும்போது டிஸ்க்கின் அடையாள எண்ணும் சேர்ந்து வந்துவிடும். ஒரே எண்ணில் இரண்டு டிஸ்க் இருந்தால் கம்ப்யூட்டர் ஒன்றை ஒதுக்கி முடக்கிவிடும். பழசைக் கழற்றினால் சரியாகிவிடும். திரையைப் பார்த்து நின்றவளிடம் இதைச் சொன்னேன்.

"ஒரே கார்டுல ரெண்டு பேரு மாதிரி" என்றாள். எனக்கு வெட்கமாக இருந்தது.

மேனேஜர் திரும்பி வந்து பழைய டிஸ்க்கை வாங்கி, வாசல் கல்லில் வைத்துச் சுத்தியலால் அடித்தார். உள்ளேயிருந்த கண்ணாடித் தட்டு தூள்தூளாகச் சிதறியதை என் கண்ணால் பார்த்தேன். பிறகு புது டிஸ்க்கை மட்டும் வைத்துக் கம்ப்யூட்டரை உயிர்ப்பித்தேன். அதற்குள் பிற்பகலாகியிருந்தது.

மணி மூன்று பத்து.

"தேங்க் யூ."

வருகைப் பட்டியலில் ஒரு வரி புதிதாக ஏறியது. இசைவாணி. அறை பதினாலு. உள்ளே.

"ஏ இசைவாணி, கார்டைக் காட்டினியா?" மேனேஜர் சட்டென்று திரும்பிக் கேட்டார்.

அவள் இரண்டு கையிலும் டீத் தட்டைப் பிடித்துக்கொண்டு என் பக்கத்தில் நின்றாள்.

புது டிஸ்க்கின் முக்கால்வாசி காலியாக இருக்க வேண்டும். பார்த்தேன். ஓர் இடம்கூட மிச்சமில்லாமல் நிரம்பியிருந்தது. எல்லாம் ஒரே பதிவு. நான் மவுஸைத் தொடவில்லை.

அது தானாகத் திறந்தது.

இடிந்து தரைமட்டமான பதினாலாம் அறை, முழுசாக நின்றது. மூன்று பெண்கள் குனிந்து மருந்து அடைத்துக்கொண்டிருந்தார்கள். வாசலில் நாலாவதாக ஒருத்தி வந்தாள். அலுமினியப் பொடி ஏறிய கை வெள்ளியாக மின்னியது. அந்த அறை வாசலிலும் இருந்த செம்புத் தகட்டைத் தொட்டாள்.

தொட்ட கையை எடுக்காமல் கேமராவை நிமிர்ந்து பார்த்தாள்.

நான் வயரைப் பிடுங்கினேன். படம் அணையவில்லை.

அப்போதுதான் மேனேஜர் திரைக்குப் பக்கத்தில் போய்க் கூப்பிட்டார்.

"யோகலட்சுமி... வெளிய வாம்மா. வெளிய வந்துரு."

முகமே தெரியாது என்று எட்டு மாதமாகச் சொன்ன மனிதர். இசைவாணியின் கையிலிருந்து தட்டு விழுந்தது. திரை அணைந்தது.

அன்று மாலையே அவர் அந்தத் தாயின் வீட்டுக்குப் போய் உண்மையைச் சொன்னார். மறுநாள் ஆபீசர்களிடம் எழுதியும் கொடுத்தார். மூடி வைத்த சோற்றை எடுத்துவிட்டு, அந்த அம்மா மகளுக்கு விளக்கேற்றி வாய்விட்டு அழுதாளாம். எட்டு மாதத்து அழுகை. நான் போகவில்லை. எந்த முகத்தோடு போவது?

போன வாரம் இசைவாணி அந்தப் புது டிஸ்க்கோடு என் கடைக்கு வந்தாள். "ஆபீசருக வேணும்னு கேக்காக. ஒரு நகல் போட்டுக் குடுங்கக்கா. இந்தத் தடவை எதையும் விட்டுராதீக."

அதன்மேல் வெள்ளி நிறத்தில் ஒரு பெருவிரல் ரேகை இருந்தது. துடைத்தேன். போகவில்லை. கம்ப்யூட்டரில் மாட்டினேன். இதை ஒதுக்கி வைத்திருப்பதாகத் திரையில் செய்தி வந்தது. இதே அடையாள எண்ணில் இன்னொரு டிஸ்க் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கிறதாம்.

என் கம்ப்யூட்டரில் அதன் சொந்த டிஸ்க்கைத் தவிர வேறெதுவும் இல்லை; அதற்கு எண்ணும் வேறு. பழசு உடைந்ததை நான் பார்த்தேன்.

என் கடையில் வருகை இயந்திரமும் கிடையாது. ஆனாலும் முதுகுக்குப் பின்னால், கதவுப் பக்கமிருந்து, அந்தக் குரல் தெளிவாகக் கேட்டது.

"தேங்க் யூ."