உப்பு ஐயம்

ஆஸ்பத்திரிக் கூடத்து வரிசைப் பலகையில் தன் பெயர் இரண்டாவதாக ஒளிர்வதைப் பார்த்ததும் அமலோற்பவத்துக்கு வயிறு எரிந்தது. போன வியாழன் வரை அவள்தான் முதல். இப்போது அந்த இடத்தில் பிரகாசி.

தூத்துக்குடியில் இதய வால்வு சுருங்கிய எல்லோருடைய முன்கையிலும் சுமைமானி ஒட்டியிருந்தது. திணறும் இதயம் இரத்தத்தில் கசியவிடும் புரதத்தை அது ஓயாமல் அளக்கும். தவிப்புப் புரதம் என்று பெயர். அது ஏற ஏற வரிசையில் மேலே போகலாம். மாதக் கடைசி வியாழனன்று முதலில் இருப்பவருக்குப் புது வால்வு. சிபாரிசு செல்லாது, காசு செல்லாது, இரத்தம் சொன்னதுதான் சட்டம். கேட்க நன்றாகத்தான் இருந்தது. ஆனால் உப்பை அள்ளித் தின்றால் உடம்பில் நீர் கோத்து எண் எகிறும் என்பது ஊருக்கே தெரிந்துபோயிற்று.

ஒரே வாரத்தில் இவ்வளவு ஏறுமா? அமலோற்பவம் நைசாகப் பிரகாசியின் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். அவள் பையிலிருந்து கருவாட்டு வாசம் குப்பென்று அடித்தது. அவ்வளவுதான்.

"சிஸ்டர்! இவ கருவாட்டத் தின்னு ஏத்திருக்கா. பைய மோந்து பாருங்க."

"இல்ல சிஸ்டர், அது வந்து..." பிரகாசிக்கு மூச்சு வாங்கியது. முடிக்க முடியவில்லை.

நர்ஸ் புகாரைப் பலகையிடம் சொன்னாள். பலகை சொன்னதைச் சட்டென்று பிடித்துக்கொள்ளும் ரகம். திடீரென ஏறும் எண்ணை இனி நம்பக்கூடாது என்று அன்றே கற்றுக்கொண்டு, பிரகாசியைக் கடைசிக்குத் தள்ளியது. அமலோற்பவம் மறுபடி முதல். வரும் வாரம் கடைசி வியாழன். வீடு போகும்வரை அவளுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

அந்த வாரத்திலேயே அவள் கால் வீங்கியது. படுத்தால் மூச்சு முட்டியது. பயந்துபோனாள். எப்படியும் வால்வு நமக்குத்தான் என்ற தெம்பில் வியாழனன்று ஆட்டோ பிடித்து வந்தாள்.

கூடத்து வாசலில் பிரகாசியின் கணவன் கயத்தான் நின்றான். கையில் அவளுடைய சுமைமானி.

"செவ்வாக்கிழம போயிட்டாக்கா. இதத் திருப்பிக் குடுக்க வந்தேன்."

அமலோற்பவத்தின் கண் அந்தச் சுமைமானியிலேயே நின்றது.

"அன்னைக்கிப் பையில இருந்தது என் மதியச் சோறுக்கா. இங்கயிருந்து நேரா துறைமுகத்துக்குக் கொண்டாந்து தருவா. அவ உப்பத் தொட்டு ஆறு மாசமாச்சு. எவளோ போட்டுக்குடுத்துட்டா."

அவளுக்கு அங்கேயே விழுந்து அழ வேண்டும்போல் இருந்தது. அழவில்லை. தலையைக் குனிந்துகொண்டு உள்ளே போய்ப் பலகையின் முன் கையை நீட்டினாள். எண் மளமளவென்று ஏறியது. பிறகு பலகை எழுதியது: திடீர் ஏற்றம். உப்பு ஐயம். கடைசி இடம்.

"சிஸ்டர், நான் ஒண்ணும் திங்கல! என் காலப் பாருங்க, சத்தியமா..."

"எல்லாரும் இப்படித்தான் சொல்றாங்கக்கா," என்றாள் நர்ஸ், நிமிர்ந்து பாராமல்.

புதிதாக முதலிடத்துக்கு வந்திருந்தவள் பக்கத்து நாற்காலியிலிருந்து சாய்ந்து, அமலோற்பவத்தின் பையை முகர்ந்து பார்த்தாள். உள்ளே உப்பில்லாத கஞ்சிதான் இருந்தது. இருந்தும் அவள் மூக்கைப் பொத்திக்கொண்டாள்.