அளவுப் பொய்

“எனக்குப் பாகற்காய்னா உயிர்” என்றாள் திலகவதி.

விளக்கு பச்சையாக எரிந்தது.

நேர்காணல் நடத்திய அம்மாள் விளக்கைத் தூக்கி ஒரு குலுக்குக் குலுக்கினாள். “பொய்தானேம்மா சொல்லச் சொன்னேன்?”

“பொய்தான் மேடம். எனக்குப் பாகற்காய் ஆகவே ஆகாது. ஆனா சொல்லும்போது எங்க சித்தி வெல்லம் போட்டு வறுப்பாங்களே, அது ஞாபகத்துக்கு வந்துடுச்சு. அது நல்லாத்தான் இருக்கும்.”

மறுபடியும் பச்சை. அதோடு அந்த வேலையும் போச்சு.

திலகவதிக்கு இது புதிதில்லை. மெய்விளக்கு வந்த நாளிலிருந்து ஓசூரில் எந்தக் கம்பெனி வாசலிலும் இதே கதைதான். செப்புத் தகட்டில் உள்ளங்கையை வைத்துக்கொண்டு பேச வேண்டும். வாய் சொல்வதை மனசு நம்பினால் பச்சை, நம்பாவிட்டால் சிவப்பு. சொல்வது உண்மையா என்று அதற்குத் தெரியாது, அதைப் பற்றி அதற்குக் கவலையும் இல்லை. நீங்கள் நம்புகிறீர்களா என்பது மட்டும்தான் கணக்கு. விளக்கு ஒழுங்காக வேலை செய்கிறதா என்று பார்க்க, பேச வருகிறவர் முதலில் வேண்டுமென்றே ஒரு பொய் சொல்லிச் சிவப்பு எரிய வைக்க வேண்டும். அதற்குப் பெயர் அளவுப் பொய். சூரியன் மேற்கே உதிக்கிறது என்பது போன்ற விளையாட்டுப் பேச்சுக்கு விளக்கு அசையாது, ஆகவே பிடித்தது பிடிக்காததில்தான் பொய் சொல்ல வேண்டும் என்பது வழக்கம்.

ஊரில் எல்லாருக்கும் சுலபமாக வந்த அளவுப் பொய் திலகவதிக்கு மட்டும் வரவே இல்லை. என்ன செய்வது, அவள் பிறவி அப்படி. எதையாவது சொல்ல வாயைத் திறந்தால், சொல்லி முடிப்பதற்குள் அதில் உள்ள நியாயம் அவளுக்குப் பிடிபட்டுவிடும். ‘கருவிக்கு ஒவ்வாதவர்’ என்று எழுதி அனுப்பிவிடுவார்கள்.

அவள் படித்தது தொழிலாளர் நலன். தேடியது தொழிலுறவுப் பிரதிநிதி வேலை, அதாவது நிர்வாகத்தின் சார்பாகத் தொழிற்சங்கத்தோடு உட்கார்ந்து பேசுகிற வேலை. புருஷன் போன பிறகு மகளோடு அண்ணன் வீட்டு ஹாலில் பாய் போட்டுப் படுத்திருக்கிறாள். அண்ணி கெட்டவளில்லை. ஆனால், “வேலை விஷயம் என்னாச்சு?” என்று காபியோடு சேர்த்து அவள் கேட்கும்போது காபி தொண்டையில் இறங்காது. தனக்கென்று ஒரு கதவு, அதற்கு உள்பக்கம் ஒரு தாழ்ப்பாள். திலகவதிக்கு வேண்டியிருந்தது அவ்வளவுதான்.

கடைசியில் கூப்பிட்டவர் பத்ரிநாராயணன். சலவை இயந்திரத்துக்கு மோட்டார் செய்கிற தொழிற்சாலையின் பொது மேலாளர். பாவம், அவர் பாடும் திண்டாட்டமாகத்தான் இருந்தது. கோடையில் கன்வேயர் வேகத்தைக் கூட்டியிருந்தார்கள். பழைய வேகத்துக்குக் குறைக்கச் சொல்லிச் சங்கம் கொடி பிடித்தது. அந்தக் காலம் என்றால் இவர்கள் ஒன்றுக்கு இரண்டாகக் கேட்பார்கள், அவர்கள் இல்லவே இல்லை என்பார்கள், நடுவில் எங்காவது வந்து கைகுலுக்கிவிட்டுப் போவார்கள். இப்போது கூட்டிக் கேட்டாலும் சிவப்பு, இல்லையென்று சொன்னாலும் சிவப்பு. போன பிரதிநிதி, “இந்த வேகம் யாருக்கும் கஷ்டமில்லை” என்று ஆரம்பித்தார். விளக்கு எரிந்த எரிப்பில் கூட்டம் சிரித்த சிரிப்பு, மனுஷர் மறுநாளே ராஜினாமா.

பத்ரிநாராயணன் திலகவதியிடம் அளவுப் பொய்யே கேட்கவில்லை. ஒரு தாளை நீட்டினார். “வேகத்தைக் குறைத்தால் ஏற்றுமதி ஆர்டர் கைவிட்டுப் போகும். இதைப் படிங்கம்மா.”

அவள் படித்தாள். படிக்கும்போதே ஆர்டர் போய், ஷட்டர் இறங்கி, இத்தனை பேர் தெருவில் நிற்பது கண்ணில் தெரிந்தது. விளக்கு பச்சையாக எரிந்தது.

மேலாளர் முகத்தைப் பார்க்க வேண்டுமே! புதையல் கிடைத்தவர் மாதிரி எழுந்து நின்றுவிட்டார். “நாளைக்கே சேர்ந்துக்குங்க. இது தற்காலிக வேலைதான். ஒப்பந்தம் முடிஞ்சா நிரந்தரம், குவார்ட்டர்ஸ்ல வீடும் உண்டு. முடியலைன்னா…”

“புரியுது சார்.”

பேச்சுவார்த்தை அன்று கேன்டீன் ஹால் நிரம்பி வழிந்தது. சங்கத் தலைவர் முனிரத்தினம் லேசுப்பட்ட ஆளில்லை. அவள் தகட்டில் கையை வைத்ததுமே, “முதல்ல அளவுப் பொய் ஒண்ணு சொல்லுங்கம்மா, அப்புறம் பேசலாம்” என்றார். சிவப்பு எரியாமல் தொடங்கினால் பேச்சுவார்த்தை சட்டப்படி செல்லாது. பத்ரிநாராயணனுக்கு வியர்த்தது.

“எனக்கு… வெயில்னா ரொம்பப் பிடிக்கும்” என்றாள். பச்சை. வடகம் காயப்போட்ட ஞாபகம்.

“டிராபிக்ல நிக்கப் பிடிக்கும்.” பச்சை. அந்த நேரத்திலாவது மகளோடு நாலு வார்த்தை பேசலாமே.

ஹாலில் முணுமுணுப்பு எழுந்தது. “விளக்குல ஏதோ வேலை பண்ணியிருக்காங்கப்பா!” என்று பின்னாலிருந்து யாரோ கத்தினார்கள். முனிரத்தினம் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தார். ஐயோ, இதுவும் போச்சே என்று நினைத்தாள் திலகவதி. திரும்பவும் அந்த ஹால், அந்தப் பாய், அந்தக் காபி. அழுகை முட்டிக்கொண்டு வந்தது. வந்த வேகத்தில் கோபமும் வந்தது.

“போங்க! எல்லாரும் போங்க! எனக்கு ஒண்ணும் இந்த வேலை தேவையில்லை!”

விளக்கு செக்கச்செவேலென்று எரிந்தது. அப்படியொரு சிவப்பை அந்த ஹாலில் யாரும் பார்த்ததில்லை.

முனிரத்தினம்தான் முதலில் சிரித்தார். ஹாலே சிரித்தது. திலகவதியும் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். “உட்காருங்கம்மா. எங்களுக்கும் அதே நிலைமைதான்” என்றார் அவர்.

அதன்பிறகு பேச்சு நன்றாகவே போனது. ஆர்டர் நிலவரத்தை அவள் சொல்லச் சொல்ல விளக்கு பச்சையாகவே எரிந்தது. வருஷக்கணக்கில் நிர்வாகத்தின் பக்கத்தில் பச்சையைப் பார்த்திராத ஜனம் காது கொடுத்துக் கேட்டது. ஆர்டர் முடியும்வரை ஒன்றுவிட்டு ஒரு ஞாயிறு வேலைக்கு வருவதாகச் சங்கமே ஒப்புக்கொண்டது. பத்ரிநாராயணன் நாற்காலியில் நன்றாகச் சாய்ந்துகொண்டார்.

அப்போதுதான் சுருள்கம்பிப் பிரிவிலிருந்து சரளா என்கிற பெண் எழுந்தாள். “மேடம், காலையில வந்ததுலேர்ந்து நான் தண்ணியே குடிக்கிறதில்லை. குடிச்சா பாத்ரூம் போகணும். போயிட்டு வர்றதுக்குள்ள எனக்கு முன்னாடி மோட்டார் குவிஞ்சிடும். எங்க லைன்ல பாதிப் பேருக்கு நீர்க்கடுப்பு. நீங்களே சொல்லுங்க.”

திலகவதி யோசிக்கவே இல்லை. “ஞாயித்துக்கிழமையும் வரேன்னுட்டீங்க, அப்புறம் இந்த வேகம் எதுக்கு? நாளையிலேர்ந்து பழைய வேகம்தான்” என்றாள்.

பச்சை. பிரதிநிதி பச்சையில் சொன்னது கையெழுத்துக்குச் சமம். ஹாலில் எழுந்த விசிலில் மேலாளர் ஏதோ கத்தியது யார் காதிலும் விழவில்லை.

மறுநாள் காலை அவர் அறையில் ஆணை தயாராக இருந்தது. திலகவதி தலை குனிந்து நின்றாள். ஆனால் வேலையை விட்டு நீக்குவதற்கும் ஒரு விதி உண்டு. தொழிலாளி பொய் சொல்லக் கூடாது என்று முதலாளிமார் கேட்டு வாங்கிய சட்டம்தான் மெய்விளக்குச் சட்டம். எழுதியவர்கள் இரண்டு பக்கத்துக்கும் சேர்த்து எழுதிவிட்டார்கள். நீக்குகிற அதிகாரி காரணத்தைத் தகட்டில் கை வைத்துச் சொல்ல வேண்டும். பச்சை எரிந்தால்தான் ஆணை செல்லும்.

பத்ரிநாராயணன் கையை வைத்தார். “உங்களால கம்பெனிக்குப் பெரிய நஷ்டம்.”

சிவப்பு.

தொண்டையைச் செருமிக்கொண்டார். “நீங்க என் முதுகுல குத்திட்டீங்க.”

சிவப்பு.

திலகவதிக்கு அவரைப் பார்க்கப் பாவமாக இருந்தது. தன் கையையும் தகட்டின் ஓரத்தில் வைத்தாள். “இல்லை சார், நீங்க சொல்றது சரிதான். உங்களை ஒரு வார்த்தை கேக்காம நான் ஒத்துக்கிட்டிருக்கக் கூடாது.”

பச்சை.

“உங்களை யாரும்மா கேட்டது? கையை எடுங்க!” என்று அதட்டிவிட்டு மறுபடி முயன்றார். “உங்களைப் பார்த்தாலே எரிச்சலா வருது!”

பச்சை. ஒரு விநாடி அவர் முகம் மலர்ந்தது.

“அது சட்டத்துல காரணமாகாதே சார்” என்றாள் அவள், நிஜமான வருத்தத்தோடு.

அதற்குள் மும்பைத் தலைமை அலுவலகத்திலிருந்து அழைப்பு வந்துவிட்டது. அங்கே மேசைமேலும் இந்த விளக்கின் ஜோடி ஒன்று இருக்கிறது. இங்கே எரிவது அங்கேயும் எரியும்.

“நான் பேசட்டுமா சார்?”

“ஐயையோ, வேண்டவே வேண்டாம்! அவங்க ரெண்டு வார்த்தை சொன்னா அதுவும் உங்களுக்குச் சரின்னு பட்டுடும். அப்புறம் நான் மறுபடி அந்த ஹாலுக்குப் போகணும்.”

அவரே தகட்டில் கையை வைத்தார். மறுமுனையில் ஒரு குரல், என்ன ஒப்பந்தம் இது என்று காய்ச்சி எடுத்தது. அவர் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். என் மனசுக்கு ஒவ்வாமல் நடந்தது என்று சொல்லலாம், ஏமாந்துவிட்டேன் என்று சொல்லலாம். என்ன சொன்னால் என்ன எரியும் என்று அவருக்கு இப்போது தெரிந்திருந்தது.

“சார்” என்றார் கடைசியில். “அந்த வேகத்துல என்னாலயும் நின்னு வேலை செய்ய முடியாது. இந்த ஒப்பந்தம் நியாயமானது.”

பச்சை எரிந்தது. அங்கேயும் அதே பச்சை எரிந்ததைப் பார்த்த மறுமுனை, சரி, நடத்துங்கள் என்று வைத்துவிட்டது.

பத்ரிநாராயணன் அந்தப் பச்சையையே பார்த்துக்கொண்டிருந்தார். இந்த நாற்காலியில் உட்கார்ந்த நாளிலிருந்து, சற்றுமுன் எரிச்சலுக்கு எரிந்ததைத் தவிர, தன் கைக்கு அது எரிந்து அவர் கண்டதில்லை. தனக்குப் பதிலாகப் பச்சை எரிய வைக்கத்தானே ஊரெல்லாம் ஆள் தேடினார். “அப்பாடா!” என்று வாய்விட்டே சொல்லிவிட்டுச் சட்டைப் பொத்தானைத் தளர்த்திக்கொண்டார்.

பிறகு ஆணையைக் கிழித்துப் போட்டுவிட்டு, மேசை இழுப்பறையிலிருந்து குவார்ட்டர்ஸ் சாவியை எடுத்து நீட்டினார்.

“தாழ்ப்பாள் நல்லா இருக்குமா சார்?” என்று கேட்டாள் திலகவதி.