நாற்பத்தேழாம் எண்

அந்த மூன்று வரிகளை அழித்தது அசோக்தான். யாரும் அழிக்கச் சொல்லவில்லை. சும்மா இருக்கத் தெரியாத கை.

செம்பவாங் கப்பல் பட்டறையில் பதினெட்டு வருஷம் கிரேன் ஓட்டியவன், வேலை போன பிறகு நாற்பத்திரண்டு வயதில் ஜாவா என்ற கணினி நிரல்மொழி படித்தான். 'பப்ளிக் ஸ்டாடிக் வாய்ட் மெயின்' என்று முதல் இரண்டு மாதம் பொருள் தெரியாமல் மந்திரம் போல ஜபித்தான். மூன்றாவது மாதமும் பொருள் தெரியவில்லை. உச்சரிப்பு மட்டும் சுத்தமாகிவிட்டது. எப்படியோ தேறி, சிராங்கூன் சாலையில் புடவைக் கடை மாடியில் இருந்த ஒரு சின்ன மென்பொருள் நிறுவனத்தில் நுழைந்தான். இன்னும் ஒன்பது நாள் தாண்டிவிட்டால் வேலை நிரந்தரம். மனைவி கமலா காலண்டரில் அந்தத் தேதிக்குக் குங்குமமே வைத்துவிட்டாள்.

நிறுவனம் விற்றது கிளினிக்குகளுக்கான வரிசை எண் நிரல். சீட்டு கொடுக்கும், திரையில் எண்ணைக் காட்டும், பெண் குரலில் கூப்பிடும். அதற்குள் ஒரு விசித்திரம் கிடந்தது. நாற்பத்தேழாம் எண் வந்தால் சீட்டும் தராதே, கூப்பிடவும் கூப்பிடாதே, நாற்பத்தெட்டுக்குத் தாவிவிடு. மூன்றே வரி.

"யாரோ ராசி பார்க்கிற ஆசாமி" என்று சிரித்துக்கொண்டே அசோக் அதைத் துடைத்துப் போட்டான். வேண்டாததை நிரலில் வைக்காதே என்று வகுப்பில் சொல்லியிருந்தார்கள். படித்த நூறு பாடத்தில் அவன் மண்டையில் தங்கியது அது ஒன்றுதான்.

மறுநாள் காலை பத்தரைக்கு, பிடோக்கில் இருந்த ஒரு கிளினிக்கிலிருந்து போன். கவுண்டரில் இருக்கும் வைஷாலி.

"அண்ணே, உங்க மெஷின் நாப்பத்தேழையே கூப்பிட்டுக்கிட்டு இருக்கு. யாரும் வரல. அடுத்த நம்பருக்கும் போக மாட்டேங்குது. வந்து பாருங்க லா."

பேக்கரிக்கும் முடிதிருத்தும் கடைக்கும் நடுவே இருந்தது கிளினிக். கண்ணைக் கூசவைக்கும் வெளிச்சம். இருபது பேர் காத்திருந்தார்கள், ஐந்தாறு பேர் நின்றுகொண்டு. மூலையில் ஒரே ஒரு நாற்காலி காலியாக இருந்தது.

கைத்தடியோடு நின்ற ஒரு பெரியவரிடம், "அங்க உக்காருங்களேன் ஐயா" என்றான் அசோக்.

"ஆள் இருக்குப்பா" என்றார் அவர், சாதாரணமாக.

நம்பர் நாற்பத்தேழு. அறை மூன்று.

அரை நிமிடத்துக்கு ஒரு தடவை அதே குரல். மூன்றாம் அறைக் கதவு தானாகத் திறந்தது. தானாக மூடிக்கொண்டது.

அசோக் கவுண்டருக்குப் பின்னால் உட்கார்ந்து, வியர்த்த விரல்களால் அந்த மூன்று வரிகளையும் பழையபடி சேர்த்தான். திரை நாற்பத்தெட்டுக்குத் தாவியது. அப்பாடா என்று மூச்சு விட்டான்.

உள்ளே இழுத்த மூச்சில் தைல வாசனை. கூடவே, மழையில் நனைந்து காயாத புடவையின் நெடி.

காதுக்குப் பின்னால் ஒரு இருமல்.

"தம்பி."

அவன் அசையவில்லை.

"என் நம்பரு தாண்டிப் போயிருச்சே, தம்பி."

திரும்பினான். வெறும் சுவர்.

திரும்பி வந்த பஸ்ஸில் கூட்டம் நெரித்தது. அவன் பக்கத்து இருக்கையில் மட்டும் யாரும் உட்காரவில்லை. வீட்டுக் கதவைத் திறந்த கமலா அவன் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்து, "கூட யாரு வந்திருக்கா?" என்றாள். கிரேன் உச்சியில் இடி மின்னலைப் பார்த்தவன், அன்றைக்குக் கழிப்பறை விளக்கைப் போடவே பயந்தான்.

நான்காம் நாள், முதலாளி ஜமால் முகம்மதுவிடம் கேட்டான். "சார், அந்த நாப்பத்தேழு என்ன சார்?"

"அதெல்லாம் பழைய கத லா." ஜமால் வாசலைத் தாண்டி உள்ளே வரவில்லை. பார்வை அசோக்குக்குப் பக்கத்தில் எங்கேயோ நின்றது. "உங்கள இன்னைக்கே கன்ஃபர்ம் பண்ணிட்டேன். அந்த நிரல் இனிமே உங்க பொறுப்பு."

வேலை நிரந்தரம். அசோக்குக்கு அழுகை வந்தது. எதற்கு என்றுதான் புரியவில்லை.

எந்த வரியைக் கடைசியாக யார் தொட்டார்கள் என்று காட்ட நிரலர்களிடம் ஒரு கருவி உண்டு. அந்த மூன்று வரிகளுக்கு எதிரே இப்போது அசோக் என்றிருந்தது. அதற்கு முன்பு, நஸீஹா.

வேறு கம்பெனிக்குப் போய்விட்ட நஸீஹாவைத் தேடிப் பிடித்தான். மதியச் சாப்பாட்டு நேரத்தில், தேக்கா பக்கம் ஒரு புரோட்டாக் கடையில் வந்து உட்கார்ந்தாள். முப்பது வயதிருக்கும். டீயைக் கலக்கிக்கொண்டே இருந்தாள், குடிக்கவில்லை.

"ரத்தினம்மான்னு பேரு. நெஞ்சு வலின்னு வந்தாங்க. சீட்டு நாப்பத்தேழு. நான் வேலைக்குச் சேந்து மூணாவது வாரம். ஒண்ணு கூட்ட வேண்டிய எடத்துல ரெண்டு தடவ கூட்டிட்டேன். அன்னைக்கு அந்த ஒரு தடவ நாப்பத்தாறுக்கப்புறம் நாப்பத்தெட்டு கூப்பிட்டுருச்சு."

"கவுண்டர்ல கேட்டிருக்கலாமே?"

"கேக்கல. வரும் வரும்னு உக்காந்திருந்தாங்க. சாயங்காலம் வெளக்க அணைக்க வந்தவங்கதான் பாத்தாங்க. சீட்டு கையிலயே இருந்துச்சு. மறுநாள்லேருந்து மெஷின் நாப்பத்தேழுலயே நின்னுக்கிச்சு, அதான் அந்த மூணு வரியப் போட்டேன்."

"நான்தான் மூணு வரியையும் திருப்பி வெச்சிட்டேனே. போயிருவாங்கல்ல?"

"திருப்பி வெச்சது யாரு?"

"நான்."

"அப்ப உங்க கூடத்தான். கடைசியாத் தொட்டவங்க கூடத்தான் இருப்பாங்க. எனக்கு நாலு வருஷம் அண்ணே. என் நிக்காஹ் அன்னைக்கு எம் பக்கத்துல உக்காந்து இருமினாங்க."

அசோக்குக்குக் குரல் உடைந்தது. "யாரும் தொடாதீங்கன்னு ஒரு வரி எழுதி வெச்சிருக்கலாமேம்மா. நான் என்ன பாவம் பண்ணேன் ஒனக்கு?"

நஸீஹா முதல் தடவையாக அவனை நேராகப் பார்த்தாள். நாலைந்து நாள் நன்றாகத் தூங்கித் தெளிந்த கண்கள்.

"எழுதி வெச்சிருந்தா நீங்க தொட்டிருப்பீங்களா அண்ணே?"

அவள் பையை எடுத்துக்கொண்டு எழுந்தாள். அவனுக்குப் பக்கத்தில் இருந்த காலி பிளாஸ்டிக் நாற்காலியைப் பார்த்து மரியாதையாகத் தலையைத் தாழ்த்தினாள்.

"கெளம்பறேம்மா. இவரு நல்லவருதான்."

தரையைக் கீறியபடி, அந்த நாற்காலி அசோக்கின் பக்கமாக நகர்ந்தது.