தரைமூடிக்குக் கீழே

பாய்லரை அணைத்து மூன்று நாளாகியும் குழாய் கதகதப்பாக இருந்தது.

டொய்வோ கையை எடுத்துக்கொண்டான். கட்டடப் பராமரிப்புப் பயிற்சிக்கு ஒதுக்கியிருந்த அந்தப் பழைய பள்ளிக்கூடத்தின் தரைக்கடியில், ஈர மண்ணுக்கும் பலகைகளுக்கும் நடுவே, தவழத்தான் முடிந்த இடுக்கில் வயிறு பதியக் கிடந்தான். திறந்தவெளி இரும்புச் சுரங்கத்தில் காலமெல்லாம் லாரி ஓட்டி, அது மூடியதும் ஐம்பது வயதில் இந்தத் தொழிலைக் கற்க வந்தவன். நாலு பக்கமும் நெருக்கும் இடமென்றாலே அவனுக்கு மூச்சு முட்டும். மேலே துணைக்கு நின்ற க்ளைடுக்கு அது தெரியும். இருவரும் ஒரே வகுப்பு. பயிற்சியாளரும் மற்றவர்களும் சாமான் வாங்க டவுனுக்குப் போயிருந்தார்கள்.

அவன் இறங்கி வந்த வழியின் தரைமூடி விழுந்து மூடிக்கொண்டது. தாழ்ப்பாள் இழுபட்டது.

"பயமா இருக்கா, கிழவா? போய் காபி குடிச்சிட்டு வந்து தொறக்கறேன்."

க்ளைடின் சிரிப்பும் பூட்ஸ் சத்தமும் தேய்ந்தன. வெளியே பனியை நொறுக்கியபடி கார் கிளம்பிப் போனது.

டொய்வோ மூடியைத் தோளால் முட்டிப் பார்த்தான். அசையவில்லை. யாருக்காவது கேட்கட்டுமென்று ஸ்பேனரால் குழாயைத் தட்டினான்.

பதிலுக்கு யாரோ தட்டினார்கள். மேலேயிருந்து அல்ல, குழாய் போய் மறையும் இருட்டுக் கோடியிலிருந்து.

டார்ச்சைத் திருப்பினான். செங்கல் தூண்கள், தொங்கும் ஒட்டடை, நனைந்த நாய்போல ஒரு வாடை. மறுபடி தட்டும் சத்தம். இன்னும் கிட்டத்தில். பிறகு மண்ணில் எதுவோ ஊர்ந்தது. டார்ச் கை நழுவி உருண்டு அணைந்தது.

கணுக்காலில் விரல்கள். சூடான விரல்கள்.

இழுத்தன. கத்த வாய் திறந்தான். இன்னொரு கை பொத்தியது.

எவ்வளவு நேரமோ. தூரத்தில் மூடி திறந்தது. வெளிச்சம் ஒரு சதுரமாக விழுந்தது.

"டொய்வோ? கோவிச்சுக்காதடா. சும்மா விளையாட்டுக்குத்தான்."

டொய்வோவின் காதுக்குப் பின்னாலிருந்து, அவனுடைய குரலிலேயே, பதில் போனது.

"கால் மாட்டிக்கிச்சு, க்ளைட். கொஞ்சம் எறங்கி வா."

க்ளைட் இப்போது சிரிக்கவில்லை. "அசையாத, வந்துட்டேன்," என்று உள்ளே இறங்கித் தவழ்ந்தான்.

டொய்வோவின் காலைப் பிடித்திருந்த விரல்கள் ஒவ்வொன்றாக விட்டன. வாயும் விடுபட்டது. ஒரு சத்தம் போட்டால் போதும். க்ளைட் திரும்பி ஓடியிருப்பான்.

டொய்வோ தூணுக்குப் பின்னால் நகர்ந்தான். தன் வாயைத் தானே பொத்திக்கொண்டான்.

க்ளைட் இருட்டுக்குள் கையை நீட்டினான். "எங்கடா இருக்க? என் கையைப் பிடி."

"பிடிச்சிட்டேன்," என்றது டொய்வோவின் குரல்.