பார்வை படாத இடது ஓரம்

அந்தக் கால்பந்து மைதானத்தின் பார்வையாளர் மாடத்தில் நூற்றுக்கணக்கான நாற்காலிகள் இருந்தன. மழை பிடித்துக்கொண்ட அந்தப் பிற்பகலில், கூரை ஒழுகாத இடத்தில் இருந்தவை இரண்டே இரண்டு. ஒன்றில் அவள் அமர்ந்திருந்தாள். மற்றொன்றில் அவளுடைய கைப்பை அமர்ந்திருந்தது.

"ஏங்க... உங்க பைக்கு எந்திரிக்க மனசு வருமா?"

நிமிர்ந்து பார்த்தாள். உச்சந்தலையிலிருந்து மூக்கு நுனிவரை நீர் சொட்ட ஒருவன் நின்றுகொண்டிருந்தான். இமைகளிலும் துளிகள்... அவற்றுக்குப் பின்னால், சிரிக்க அனுமதி கேட்பவை போன்ற இரண்டு கண்கள்.

"இத்தனை சீட்டு காலியாத்தானே இருக்கு?"

"எங்கங்க காலி? எல்லாத்துலயும் எனக்கு முன்னாடி மழை வந்து உக்காந்துடுச்சு."

அவள் பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். சிரிப்பதில்லை என்று முடிவு செய்திருந்தாள். அந்த முடிவைக் காப்பாற்றக் கொஞ்சம் பாடுபட வேண்டியிருந்தது. அப்போதுதான் அந்தக் குரலை எங்கோ கேட்டது நினைவுக்கு வந்தது.

"நீங்க... வெள்ளிக்கிழமை ரேடியோ?"

"ஆமாங்க. நேர்ல பாத்து ஏமாந்துட்டீங்களா?"

"குரலுக்கு நீங்க இன்னும் கொஞ்சம் உயரமா இருப்பீங்கன்னு நெனச்சேன்."

"குரலை மட்டும்தாங்க அம்மா உயரமா பெத்தாங்க."

சொல்லிவிட்டுத் தலையைத் துவட்டிக்கொண்டான். அவளோ பையை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். காரணம் இருந்தது.

ஒரு விளையாட்டு வார இதழில் அவள் பத்தி எழுதினாள். ஒவ்வொரு பருவம் தொடங்குமுன்னும், எவர் கண்ணிலும் படாத ஐந்து ஆட்டக்காரர்களைத் தேடிக் கண்டுபிடித்து, 'வரும் பருவத்தில் இவர்களைத்தான் பேசப்போகிறீர்கள்' என்று முன்கூட்டியே சொல்வது அவள் வேலை. வானொலியில் அவனுக்கும் அதே வேலை. இதழ் ஞாயிறன்று வரும். அவன் குரலோ வெள்ளியன்றே வந்துவிடும். சென்ற ஆண்டு அவள் சொன்ன ஐவரையும் ஊரில் எவரும் பேசவில்லை. ஆசிரியர் மிகவும் மரியாதையாகத்தான் சொன்னார்: "இந்த வருஷம் ஒருத்தராவது தேறலன்னா, உன் இடத்துல ராசிபலன் போட்டுடலாம்மா. அதுவும் கணிப்புதான். அதைப் படிக்கவாவது ஆளு இருக்கு."

இந்த ஆண்டு ஒருவர் அகப்பட்டிருந்தார். எதிரே, மழையில், இடது ஓரத்தில் நின்றுகொண்டிருந்தார். தடுப்பாட்டக்காரர். பெரும்பாலும் நின்றுகொண்டே இருப்பதால் கூட்டாளிகள் அவருக்கு வைத்த பெயர் 'தூண்'. அவர் பாய்ந்து விழுவதில்லை, பந்தைப் பறிப்பதில்லை, சட்டையில் சேறு படுவதுகூட அபூர்வம். அவர் பக்கத்தில் ஒன்றுமே நடப்பதில்லை. ஏன் நடப்பதில்லை என்று கேட்டவள் அவள் ஒருத்திதான். எதிரணி வீரன் பந்தோடு வருவான்; நிமிர்ந்து பார்ப்பான்; போக வேண்டிய வழியில் தூண் ஏற்கெனவே நிற்பார். வந்தவன் வேறு பக்கம் திரும்பிவிடுவான். அவ்வளவுதான்.

இத்தகைய புதையலைக் கண்டவர்கள் அதன்மேல் கண் வைக்கலாகாது என்பது அந்தத் தொழிலின் பழக்கம். ஒருவர் யாரைப் பார்க்கிறார் என்று பக்கத்தில் இருப்பவர் பார்த்துக்கொண்டிருப்பார். எனவே அவள் தொலைநோக்கியைப் பத்தாம் எண் முன்னணி வீரர்மேல் திருப்பினாள்.

"பத்தாம் நம்பரா?" என்றான் அவன். "நல்லாத்தான் ஆடுறாரு."

"பாத்துக்கிட்டு இருக்கேன்" என்றாள் அவள், மிக அடக்கமாக.

சிறுவர்களுக்குச் சொல்லத் தகுந்த கதை ஒன்று உண்டு. ஒரு குளக்கரையில் ஒரு கொக்கு இருந்தது. அது எந்தத் திசையை உற்றுப் பார்க்கிறதோ அங்கே மற்றக் கொக்குகளும் வந்து கூடின. சலித்துப்போன கொக்கு, மீன் காலடியில் வந்தாலும் அக்கரையையே பார்த்து நிற்கப் பழகியது. மற்றப் பறவைகள் எல்லாம் ஏமாந்து அக்கரைக்குப் பறந்தன. சேற்றில் கிடந்த ஒரு நண்டு மட்டும், 'இவர் பார்க்காத இடம் எது?' என்று யோசித்தது. கதை அதற்குமேல் போவதில்லை. நண்டு நல்லதா கெட்டதா என்று கேட்டால் பதில் சொல்வது கடினம்.

அடுத்தடுத்த பயிற்சி ஆட்டங்களுக்கும் இருவரும் வந்தார்கள். மழை இல்லாத நாள்களிலும் அதே இரண்டு நாற்காலிகள்தாம். வெயில் காயும்போது அவற்றில் அப்படி என்ன விசேஷம் என்று இருவரும் கேட்டுக்கொள்ளவில்லை. அவன் குடுவையில் தேநீர் கொண்டுவந்தான். ஒரே மூடி, முதலில் அவள், பிறகு அவன். வெள்ளிக்கிழமைகளை எதிர்பார்க்கிறோமோ... என்று அவளுக்கே ஐயம் எழுந்தது. குரல் நன்றாக இருப்பது ஒரு தகுதியா என்ன என்று தன்னைத்தானே கடிந்துகொண்டாள்.

பருவம் தொடங்குவதற்கு முந்தைய வெள்ளி மாலை, வீட்டில் அண்ணியோடு துணி மடித்துக்கொண்டே வானொலியைக் கேட்டாள்.

"...இந்த வருஷம் நான் சொல்ற முதல் ஆளு, இடது ஓரத்துல நிக்கிற நம்ம தூண்!"

மடித்த துணி கையிலிருந்து நழுவியது.

அண்ணி திரும்பினாள். "என்னடி இது? உன் ஆளு பேரை உன் ஆளே சொல்றாரு?"

"அவர் ஒண்ணும் என் ஆளு இல்ல அண்ணி!"

"எந்த 'அவர்'னு நான் கேக்கவே இல்லையே."

மறுநாள் ஆசிரியர், அச்சுக்குப் போகவிருந்த அவள் பக்கத்தை நிறுத்திவைத்தார். "ரேடியோவுல வந்ததையே நாம போட்டா, காதுல கேட்டு எழுதினதாத்தான் சொல்வாங்க. தூணை எடுத்துட்டு வேற ஆளைப் போடு." அவள் பத்தாம் எண்ணைப் போட்டாள். போடும்போது கண் கரித்தது.

அன்று பிற்பகலே மைதானத்தில் அவனைப் பிடித்தாள்.

"சொல்லுங்க. என்கிட்ட இருந்துதானே எடுத்தீங்க? என் பத்தியே போயிடும் போல இருக்கு."

"ஆமாங்க."

மறுப்பான் என்று எதிர்பார்த்து வந்த கோபம் ஒரு கணம் தடுமாறியது. "நான் அவரைப் பாக்கவே இல்லையே!"

"அதனாலதாங்க. ஒவ்வொருத்தரையும் பாத்தீங்க. ரெஃப்ரீயோட ஷூவைக்கூடப் பாத்தீங்க. அவரை மட்டும் பாக்கல. அப்புறம் நான் அவரையே பாக்க ஆரம்பிச்சேன். நல்ல ஆளுன்னு பட்டுது... சொல்லிட்டேன். உங்க வேலைக்கு ஆபத்துன்னு தெரியாது. தெரிஞ்சிருந்தா..."

"ஆட்டம் பாக்க வந்தீங்களா, என் கண்ணைப் பாக்க வந்தீங்களா?"

பதிலுக்குக் காத்திராமல் அவள் படியிறங்கிப் போய்விட்டாள்.

பருவம் தொடங்கியது. முதல் ஆட்டத்திலேயே பத்தாம் எண் இரண்டு கோல் அடித்தார். வார இதழ் அலுவலகத்தில் ஆசிரியர் எல்லோருக்கும் தேநீர் வாங்கிக்கொடுத்து, அவள் மேசையை ஒருமுறை தட்டிவிட்டும் போனார். ராசிபலன் வாசல்வரை வந்து திரும்பிவிட்டது. தூணோ வழக்கம்போல் நின்றார், ஒன்றும் நடக்கவில்லை.

வெள்ளி மாலை வானொலிக்குத் தொலைபேசியில் வந்தவர்கள் அவனை வறுத்தெடுத்தார்கள். "சார், உங்க தூணுக்கு வெள்ளையடிச்சு விடுங்க சார்!" "அவர்மேல கொடியக் கட்டலாமா சார்?" அவள் வானொலியின் காதைத் திருகப் போனாள், கை ஏனோ பாதியில் நின்றது.

பிறகு அந்த உயரமான குரல், கொஞ்சம் தாழ்ந்து வந்தது.

"எனக்கு அவர் யாருன்னுதான் தெரியும்ங்க. ஏன்னு சொல்லத் தெரியல. தெரிஞ்சவங்க ஒருத்தங்க இருக்காங்க. அது அவங்க கண்டுபிடிச்சது. நான் பக்கத்துல உக்காந்து களவாண்டது. அவங்க கேட்டுக்கிட்டு இருந்தா... மன்னிச்சிடுங்க."

அண்ணி வானொலியின் ஒலியைச் சற்றே கூட்டிவைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

பேசாமல் இருந்திருக்கலாம். ஊர் பத்தாம் எண்ணையும் அவளையும் சேர்த்துப் புகழ்ந்துகொண்டிருந்தது. ஆனால் அவள் எழுதினாள். பத்தாம் எண் தன் கணிப்பு அல்ல என்று முதல் வரியிலேயே எழுதினாள். தூணின் பக்கம் ஏன் ஒன்றும் நடப்பதில்லை என்பதை, கண்ணால் கண்டதைக் கண்டபடி எழுதினாள்.

ஆசிரியர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். "ஊரே கைதட்டுது. இப்ப போய் அது என்னுது இல்லன்னு எழுதுவியா? உனக்கென்ன பைத்தியமா?"

"இதை எழுதலன்னா, அடுத்த வருஷம் நான் சொல்றதை நானே நம்ப மாட்டேன் சார்."

"தூண் சொதப்பினா பத்தி போயிடும். அப்புறம் கண்ணைக் கசக்கிக்கிட்டு வரக்கூடாது."

"வர மாட்டேன் சார்."

அடுத்த ஞாயிறு பத்தி வெளிவந்தது. அன்று மீண்டும் மழை. மாடம் நிறைந்திருந்தது, குடைகளின் கீழும் நெகிழித்தாள்களின் கீழும் மனிதர்கள் ஒண்டிக்கொண்டிருந்தார்கள். அவள் தன் பழைய நாற்காலியில் அமர்ந்திருந்தாள். பக்கத்து நாற்காலியில் கைப்பை.

எதிரணியின் அதிவேக வீரன் பந்தோடு இடது ஓரம் நோக்கிப் பறந்து வந்தான். தூண் ஓடவில்லை, இரண்டடி நகர்ந்து நின்றார். வந்தவன் நிமிர்ந்தான்... தயங்கினான்... பந்தைப் பின்னுக்குத் தள்ளிவிட்டான். ஒன்றும் நடக்கவில்லை.

எங்கோ ஒரு குடையின் கீழிருந்து ஒரு கைதட்டல் எழுந்தது. பிறகு இன்னொன்று. பிறகு மாடம் முழுவதும், ஒன்றும் நடக்காததற்காக, கைதட்டியது. தூண் திடுக்கிட்டு, யாருக்கு என்று திரும்பிப் பார்த்தார்.

அவள் பத்தி பிழைத்தது.

"ஏங்க..." என்றது ஒரு குரல். "உங்க பைக்கு எந்திரிக்க மனசு வருமா?"

அவள் திரும்பவில்லை. பையை மட்டும் எடுத்தாள். அவன் அமர்ந்தான். மழையின் வாசனையோடு தேநீரின் வாசனையும் வந்து அமர்ந்தது. அவள் பந்தைப் பார்த்தாள். மூலைக் கொடியைப் பார்த்தாள். கூரையின் ஓட்டையை வெகு அக்கறையாகப் பார்த்தாள்.

இடைவேளையும் கடந்தபின், அவன் மெல்லச் சொன்னான்:

"வந்ததுலேந்து எல்லாத்தையும் பாத்துட்டீங்க. ரெஃப்ரீயோட ஷூவைக்கூட விடல. என்னை மட்டும் ஒரு தடவைகூடப் பாக்கல."

"அதுக்கு?"

"அதுக்கு... எனக்குப் புரிஞ்சு போச்சுங்க. ஆனா இந்தத் தடவை களவாண்டதா இருக்கக் கூடாது. அதனால நானே முதல்ல சொல்லிடறேன். அன்னிக்குக் கேட்டீங்களே... உங்க கண்ணைப் பாக்கத்தாங்க வந்தேன். முதல் மழையிலேந்தே."

மைதானத்தில் ஏதோ நடந்தது; கூட்டம் கத்தியது. என்ன நடந்தது என்று அவ்விருவருக்கும் இன்றுவரை தெரியாது. அவள் அப்போதுதான் திரும்பி, நேருக்கு நேராக, ஒளிக்காமல், அவனைப் பார்த்தாள்.

"சரி" என்றாள். "ஆனா ஒரு நிபந்தனை. இதை வெள்ளிக்கிழமை ரேடியோவுல சொல்லிடக் கூடாது."

"ஞாயித்துக்கிழமை நீங்க அச்சுல போட்ட பிறகுதாங்க" என்றான் அவன், தேநீர் மூடியை முதலில் அவளிடம் நீட்டியபடி.