ஆறு மணிக்கு வீட்டுக்குப் போனவன்

அந்தச் சட்டைக் கம்பெனிக்கு அவன் போய்ச் சேர்ந்தது ஒரு திங்கட்கிழமை காலை. பழைய மூன்று மாடிக் கட்டடம். வெளிச்சுவரில் மழைத் தண்ணீர் வழிந்து வழிந்து கறுத்த கோடுகள். உள்ளே கால் வைத்ததுமே ஈரத் துணி சூட்டில் வேகும் வாசனை மூக்கில் ஏறியது. அவனுக்கு அது புதிதல்ல. பதினாறு வருடம் இஸ்திரிப் பெட்டி பிடித்த கை. அன்று மத்தியானத்துக்குள் எல்லாரும் அவனை 'இஸ்திரி' என்றே கூப்பிட ஆரம்பித்துவிட்டார்கள். பேரைக் கேட்க யாருக்கும் நேரமில்லை.

முந்தைய கம்பெனியை அவன் விட்டதற்குக் காரணம் மகள். ஐந்து வயது. அவள் எழுந்திருக்கும் முன்னால் கிளம்பிவிடுவான், தூங்கின பிறகு வருவான். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவன் கட்டிலில் அசந்து கிடந்தபோது, குழந்தை அம்மாவின் புடவையைப் பிடித்து இழுத்து, "இந்த மாமா எப்பம்மா போவாரு?" என்று கேட்டது.

மனைவி சிரிக்கவில்லை. ராத்திரி விளக்கை அணைத்த பிறகுதான் சொன்னாள்.

"ஆறு மணிக்கு விடற வேலையாப் பாருங்க. இல்லேன்னா இவளைக் கூட்டிக்கிட்டு எங்க அக்கா வீட்டுக்குப் போயிடறேன். மிரட்டறதுக்குச் சொல்லலை."

அவள் மிரட்டுகிறவள் இல்லை என்பது அவனுக்குத் தெரியும். அதனால்தான் இந்தக் கம்பெனி. சேர்க்கும்போதே சூப்பர்வைசர் சொல்லியிருந்தார்: "ஆறு மணிக்கு மணி அடிக்கும். கார்டைப் போட்டுட்டுப் போயிட்டே இருக்கலாம். இங்க நாம எல்லாம் ஒரே குடும்பம்."

கம்பெனிக்காரன் வாயில் குடும்பம் என்ற சொல் வந்தால் சட்டைப் பையைத் தடவிப் பார்த்துக்கொள்வது நல்லது. அவன் பார்த்துக்கொள்ளவில்லை.

ஆறு மணிக்கு மணி அடித்தது. நாற்பது பேருக்கு மேல் வரிசையாக நின்று, சுவரில் இருந்த நேரம் பதியும் பெட்டியில் ஒவ்வொருவராகக் கார்டைச் சொருகி எடுத்தார்கள். டக். டக். டக். முன்வாசல் வழியாக எல்லாரும் வெளியே வந்தார்கள். வெயில் இன்னும் மிச்சமிருந்தது. அவனுக்கு அந்த வெளிச்சமே வெட்கமாக இருந்தது, எத்தனை நாளாயிற்று பார்த்து. வீட்டுப் பக்கம் திரும்பினான்.

யாரோ சட்டைக் கையைப் பிடித்து இழுத்தார்கள். காஜா மிஷினில் உட்காரும் அக்கா. பொத்தான் ஓட்டை போட்டுப் போட்டே கண் இடுங்கிப்போனவள்.

"எங்கடா போறே? இப்படி வா."

வரிசை வலது பக்கம் திரும்பி சந்துக்குள் நுழைந்தது. கட்டடத்தை முழுசாக ஒரு சுற்றுச் சுற்றியது. பின்வாசல் திறந்திருந்தது. படியேறினால் பழையபடி அதே மிஷின், அதே நாற்காலி. ஜன்னல்களில் வெளிச்சம் தெரியாதபடி கறுப்புத் துணி தொங்கிற்று. முன்வாசலை வாட்ச்மேன் பூட்டிக்கொண்டிருக்கும் சத்தம் கீழே கேட்டது.

சூப்பர்வைசர் அவன் தோளைத் தட்டினார். "யாராவது அதிகாரி வந்து கேட்டா கார்டு பதில் சொல்லும். நீ ஆறு மணிக்கே வீட்டுக்குப் போயிட்டே. இப்ப இங்க நிக்கறது யாருன்னு எனக்கே தெரியாது." சொல்லிவிட்டு அவரே சிரித்துக்கொண்டார். "ஒரு வாரம்தான். சரக்கு கப்பல்ல ஏறட்டும், அப்புறம் பழையபடி."

"இந்தக் கப்பல் நான் சேர்ந்த நாள்லேருந்து கிளம்பிக்கிட்டே இருக்கு," என்றாள் காஜா அக்கா, நூலைப் பல்லால் கடித்தபடி.

வீட்டுக்கு ஒரு போன் போட்டுச் சொல்லியிருக்கலாம். முதல் நாளே என்னவென்று சொல்வது? அவன் சொல்லவில்லை. ஒரு வாரம்தானே என்று நினைத்தான்.

பத்தரை மணிக்கு வீடு. சாவியைச் சத்தமில்லாமல் திருப்பினான். சண்டைக்குத் தயாராகத்தான் போனான். ஆனால் உள்ளே இருட்டாக, அமைதியாக இருந்தது. மகள் சுவரோரம் தூங்கினாள். மனைவி நடுவில். சமையல் மேடையில் மூன்று தட்டுகளும் கழுவிக் கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தன.

தன் பக்கத்தில் படுத்தான்.

படுக்கை சூடாக இருந்தது.

குழந்தை புரண்டு வந்து படுத்திருக்கும் என்று நினைத்துக்கொண்டான். தலையணையில் ஈரத் துணி வேகும் வாசனை அடித்தது. அது தன் கை வாசனை என்று நினைத்துக்கொண்டான். நாள் முழுக்க நின்றவன் எதையும் நினைத்துக்கொள்ளலாம், தூக்கம் வந்துவிடும்.

காலையில் மனைவி மகளுக்குத் தலை வாரிக்கொண்டே ஏதோ முணுமுணுத்துப் பாடிக்கொண்டிருந்தாள். அவள் பாடி அவன் கேட்டு வருடக்கணக்காயிற்று.

"நேத்து மாதிரியே இன்னைக்கும் வந்துடுங்க," என்றாள்.

குத்திக்காட்டுகிறாள் என்று நினைத்துத் தலையைக் குனிந்துகொண்டு, "சரி" என்றான். குழந்தை ஓடிவந்து அவன் மடியில் ஏறிக்கொண்டது. அப்பா என்று கூப்பிட்டது.

புதன்கிழமை அவளுடைய முன்பல் ஒன்று இல்லை.

"பல்லு எங்கடி?"

"நீதானேப்பா புடுங்கினே. வலிக்காதுன்னு சொன்னே. வலிக்கவே இல்லை."

மனைவி அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்துச் சிரித்தாள். "கதை சொல்லிக்கிட்டே கையை விட்டு எடுத்துட்டீங்களே. உங்களுக்கு இவ்வளவு கதை தெரியும்னு எனக்கே தெரியாது."

அவனுக்கு ஒரு கதைகூடத் தெரியாது.

அப்போதே கேட்டிருக்க வேண்டும். வாய் வரைக்கும் வந்தது. கேட்டால், இரண்டு நாளும் பத்தரைக்கு வந்ததைச் சொல்ல வேண்டும். வீட்டில் சண்டை இல்லை. குழந்தை மடியில் உட்காருகிறது. மனைவி பாடுகிறாள். முதுகிலிருந்த மூட்டையை எவனோ வாங்கிக்கொண்டான், திரும்பி அவன் முகத்தைப் பார்க்க இவனுக்குத் துணிச்சல் வரவில்லை. டீயைக் குடித்துவிட்டு வேலைக்குப் போனான்.

ஒரு வாரம் என்றது மூன்று வாரமானது. கப்பல் கிளம்பவில்லை.

நாலாவது வாரம் ஒரு ராத்திரி, கொதிகலன் பழுதாகிப்போய் ஒன்பதே முக்காலுக்கே விட்டுவிட்டார்கள். பத்து மணிக்குள் வீட்டுக் கதவைத் திறந்தான். செருப்பைக் கழற்றும்போது இருட்டில் மனைவியின் குரல், பாதித் தூக்கத்தில்.

"இப்பத்தானே படுத்தீங்க. மறுபடி எங்க போயிட்டு வர்றீங்க?"

அவன் அசையவில்லை.

படுக்கையில் அவன் பக்கம் காலியாக இருந்தது. தலையணையில் ஒரு தலை அழுந்தியிருந்த குழி. அவன் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது மெல்ல, பஞ்சு மூச்சு விடுவதுபோல, மேலே எழும்பியது.

அன்று அவன் விடிய விடியத் தரையிலேயே உட்கார்ந்திருந்தான்.

மறுநாள் சாப்பாட்டு நேரத்தில் காஜா அக்காவிடம் போய் நின்றான். எப்படி ஆரம்பிப்பது என்று தெரியவில்லை. அவளே டப்பாவை மூடிவிட்டுக் கேட்டாள்.

"எத்தனை நாளாச்சு?"

"என்னது?"

"உன் வீட்டுக்கு வர ஆரம்பிச்சு."

அவள் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

"முன்வாசல் வழியா வெளிய போறோம்ல. சந்துல நாம திரும்பறோம். ஆறு மணிக்கு வீட்டுக்குப் போனதாக் கார்டு சொல்லுதே, அது திரும்பறதில்லை. நேராப் போயிடுது. எனக்கு மூணு வருஷமாச்சு."

"நீ என்ன பண்ணினே அக்கா?"

"என்ன பண்ண? ஒரு நாள் போய் ஜன்னல் வழியாப் பார்த்தேன். என் பையனுக்குச் சோறு போட்டுக்கிட்டு இருந்துச்சு. நான் சோறு போடறப்போ கத்துவேன்டா. அது கத்தலை. பொறுமையா உட்கார்ந்து பேசிக்கிட்டு இருந்துச்சு."

"கதவைத் தட்டலையா?"

"தட்டலை." அவள் டப்பாவின் மூடியைத் திறந்தாள், மறுபடி மூடினாள். "தட்டி, யாருன்னு கேட்டுட்டாங்கன்னா?"

அவள் இப்போது வீட்டுக்குப் போவதில்லை. மேல் மாடியில் துணி வெட்டும் மேஜைக்கு அடியில் படுத்துக்கொள்கிறாள். அவள் மட்டும் இல்லை, ஆறேழு பேர் அப்படி. சூப்பர்வைசருக்குத் தெரியும். அவருக்கென்ன, காலையில் வேலைக்கு ஆள் தாமதமாக வராது.

அன்று மணி அடித்ததும் அவன் கார்டைச் சொருகினான். டக். வெளியே வந்தான். வரிசை வலது பக்கம் திரும்பியது. அவன் திரும்பவில்லை.

"இஸ்திரி," என்று சூப்பர்வைசர் கூப்பிட்டார். குரலை உயர்த்தவில்லை. "போனா நாளைக்கு வராதே."

"வரலைங்க."

காஜா அக்கா சந்து முனையில் நின்று அவனைப் பார்த்தாள். ஏதோ சொல்ல வந்தவள்போல வாயைத் திறந்தாள். பின்னால் வந்தவர்கள் அவளைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனார்கள்.

வெயில் இருந்தது. தெருவில் ஜனங்கள் இருந்தார்கள். பயம்கூட கொஞ்சம் விட்டது. வேலை போனால் போகட்டும், இஸ்திரிப் பெட்டி எங்கேயும் கிடைக்கும். இன்றைக்கு மகளைச் சாயங்கால வெளிச்சத்தில் பார்த்துவிட்டால் போதும். தெருமுனைக் கடையில் நின்று கலர் பென்சில் ஒரு டப்பா கேட்டான்.

கடைக்காரர் அவனை மேலும் கீழும் பார்த்தார்.

"என்ன சார், இப்பத்தானே வாங்கிட்டுப் போனீங்க. இன்னொண்ணா?"

அவன் பென்சிலை வாங்காமலே ஓடினான்.

மூச்சிரைக்க மாடிப்படி ஏறினான். வீட்டுக் கதவு சாத்தியிருந்தது. உள்ளே பேச்சுச் சத்தம். சாவியைச் சொருகினான். சாவி நுழைந்தது. திரும்பவில்லை.

தட்டினான்.

கதவு ஒரு சாண் திறந்தது. சங்கிலி மாட்டியிருந்தது. மனைவி தலைவாரி, முகம் கழுவி, பளிச்சென்று நின்றாள். அவன் முகத்தை நேராகப் பார்த்தாள். மாடிப்படியில் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. பார்க்க முடியாமல் போக ஒரு காரணமும் இல்லை.

"யாருங்க?"

"நான்தான். கதவைத் திற."

அவள் நெற்றி சுருங்கியது. பயப்படவில்லை. யாரோ அயலார் வந்து தப்பான கதவைத் தட்டினால் எப்படிப் பார்ப்பார்களோ அப்படித்தான் பார்த்தாள்.

"ஏய், நான்தான்டி. என்னைப் பாரு. குட்டியைக் கூப்பிடு."

உள்ளேயிருந்து ஒரு ஆண் குரல் கேட்டது. களைப்பில்லாத குரல். அவனுடைய குரல்தான், ஆனால் இவ்வளவு நிதானமாக அவன் எப்போது பேசினான் என்று அவனுக்கே ஞாபகம் இல்லை.

"யாரும்மா அது?"

அவள் திரும்பிப் பதில் சொன்னாள். "தெரியலைங்க. உங்க கம்பெனி ஆளுன்னு நினைக்கறேன். கையெல்லாம் சூடு பட்டிருக்கு. உங்களை வேலைக்குக் கூப்பிட வந்திருக்காரு போல."

உள்ளே நாற்காலி நகரும் சத்தம். பிறகு அந்தக் குரல்.

"ஆறு மணிக்கு மேல நான் வேலை செய்யறதில்லைன்னு சொல்லிடு."

"தப்பா எடுத்துக்காதீங்க," என்று அவள் மரியாதையாகச் சொன்னாள். "அவருக்கு வீடுதான் முக்கியம்." கதவு சாத்திக்கொண்டது.

அவன் கதவில் நெற்றியை வைத்துக்கொண்டு நின்றான். உள்ளே மகள் சிரித்தாள். சாயங்காலம் ஆறரைக்கு அவள் இப்படித்தான் சிரிப்பாள் என்று அவனுக்கு அதுவரை தெரியாது.

காலடிச் சத்தம் ஒன்று கதவை நோக்கி வந்தது. அவசரமே இல்லாமல் வந்து நின்றது.

மரத்துக்கு அந்தப் பக்கம், சரியாக அவன் முகம் இருந்த உயரத்தில், யாரோ மூச்சு விட்டார்கள்.

அவன் தன் மூச்சைப் பிடித்துக்கொண்டான்.

அந்தப் பக்கமும் நின்றது.