சுவிட்ச் ஓப்பன்... அடைக்காதே!

"ஆஆஆஆ...!"

அலறல் மொட்டை மாடியில் இருந்து வந்தது.

காலை ஒன்பதரைக்கு குயின் ஸ்ட்ரீட்டில் சத்தத்துக்கா பஞ்சம்? ஸ்பீக்கரில் பக்திப் பாட்டு, லோரி ஹார்ன், பூக்கடைக்காரரின் கூப்பாடு... அத்தனையையும் கிழித்துக்கொண்டு வந்தது அந்தக் குரல்.

படியில் பாதி ஏறியிருந்த நவமணி, குடிக்க வாங்கிவந்த தே பொட்டலத்தை அப்படியே போட்டுவிட்டு ஓடினாள்.

தங்கராஜு நகை மாளிகையின் மொட்டை மாடி. அங்கே ஆள் உயரத்துக்குப் புத்தம் புது கண்டென்சிங் யூனிட். கடைக்குள் குளிர் வருவதற்காக வெளியே நின்று வேலை செய்யும் ஏர்கோன் மெஷின். அதன் முன்பக்கத் தகடு கழற்றப்பட்டுக் கிடந்தது. எட்டு ஸ்க்ரூவும் வரிசையாய் அடுக்கப்பட்டிருந்தன.

உள்ளே வலது கையை விட்டபடி ஒருவன் துடித்துக்கொண்டிருந்தான்!

முதலாளி தங்கராஜுவின் மருமகன், புவனேஸ்வரன்!

நவமணி அவனைத் தொடவில்லை. தொட்டிருந்தால் ஆம்புலன்ஸ் இரண்டு தேவைப்பட்டிருக்கும். சுவரில் இருந்த மெயின் சுவிட்சை ஒரே இழுப்பில் அடைத்தாள்; கரண்ட் நின்றது. அவன் அரிசி மூட்டை மாதிரி சரிந்தான்.

மூக்கருகே விரல் வைத்துப் பார்த்தாள்.

மூச்சு இருந்தது.

ஆம்புலன்ஸ் வந்தது. புவனேஸ்வரனையும் அவன் மனைவி சுபாஷினியையும் ஏற்றிக்கொண்டு பறந்தது. அது போன கையோடு கான்ஸ்டபிள் இர்வானோடு வந்து இறங்கினார் இன்ஸ்பெக்டர் குகதாசன்.

அந்தக் கடை அவருக்குப் புதிதல்ல. ஐந்து நாளுக்கு முன்னால் அங்கே ஒரு வைர மாலை காணாமல் போயிருந்தது. அன்று கடையில் இருந்த ஒரே வெளியாள், ஏர்கோன் மாட்ட வந்த நவமணிதான். கதவை அடைத்து எல்லோரையும் சோதித்தும் மாலை கிடைக்கவில்லை. சந்தேகம் மட்டும் அவள்மேல் ஒட்டிக்கொண்டது.

மெயின் சுவிட்சில் தொங்கிய சிவப்பு அட்டையை இன்ஸ்பெக்டர் சத்தமாகப் படித்தார்.

"சுவிட்ச் ஓப்பன்... அடைக்காதே... நவமணி. இது உங்க கையெழுத்தா?"

"ஆமா சார். நேத்து காலைல பத்து மணிக்கு மாட்டுனேன்."

"ஓப்பன்னா கரண்ட் ஓடாது! ஸ்கூல்ல ஃபிசிக்ஸ் படிச்ச எனக்கே தெரியும். 'ஓப்பன், குளோஸ் பண்ணாதே'ன்னா, கரண்ட வெட்டி விட்டிருக்கு, திரும்பப் போடாதேன்னு அர்த்தம். மாப்பிள்ளை எலெக்ட்ரிக்கல் இஞ்சினியர். அதப் படிச்சு, நம்பி, கைய விட்டிருக்காரு. மாட்டிக்கிட்டாரு!"

"அய்யோ சார்! ஓப்பன்னா ஆன்! சுவிட்ச் தொறந்திருக்கு, யாரும் அடைச்சிடாதீங்கன்னு எழுதியிருக்கேன். நாம எல்லாரும் அப்படித்தானே பேசுறோம்?"

"யாரு நாம?"

தங்கராஜு நெஞ்சில் அடித்துக்கொண்டார். "என் மருமவன எரிச்சிட்டியேமா! எரிச்சிட்டியே!"

"மெஷினே ஓடல. அதுக்கு எதுக்கு நேத்தே கரண்ட்?" இன்ஸ்பெக்டர் விடவில்லை.

"கம்ப்ரசருக்கு அடியில ஒரு ஹீட்டர் இருக்கு சார். ஸ்டார்ட் பண்றதுக்கு முன்ன ஒரு நாள் முழுக்க அது சூடாகணும். இல்லன்னா கேஸ் போய் எண்ணெயில கலந்துக்கும். அப்படியே ஸ்டார்ட் பண்ணா கம்ப்ரசர் கோவிந்தா! அதான் நேத்து பத்து மணிக்குக் கரண்ட் விட்டேன். இன்னிக்குப் பத்து மணிக்கு அடைச்சிட்டு, தகட்டக் கழட்டி உள்ள கடைசியா ஒரு செக்கிங். அப்புறம்தான் ஸ்டார்ட். நேத்தே கடையில எல்லார்கிட்டயும் சொன்னேனே!"

"குளிர வைக்கிற மெஷினுக்கு ஹீட்டரா? யாருக்குக் காது குத்துறீங்க?"

நவமணி என்ன நேற்று முளைத்தவளா? பதினெட்டு வருஷம் புக்கிட் தெங்கா ஃபேக்டரியில் மெஷின்களோடு மல்லுக்கட்டி, லைசன்ஸ் வாங்கி, போன வருஷம்தான் சொந்தமாய் ஒரு வேன் எடுத்திருந்தாள். இப்போது லைசன்ஸும் போய், அவளும் உள்ளே போகப் போகிறாள். ஒரே ஒரு வார்த்தையால்!

"போலீஸ் பாலாய்க்கு வந்து பேசுங்க. அதுக்கு முன்ன கீழ வாங்க, ரிப்போர்ட் எழுதணும்."

கடைக்குள் அனல். பழைய ஏர்கோனைக் கழற்றி ஐந்து நாளாகியிருந்தது. இன்ஸ்பெக்டர் நாற்காலியில் உட்கார்ந்து நான்கு வரி எழுதுவதற்குள் சட்டை முதுகில் ஒட்டிக்கொண்டது.

"உஸ்ஸ்... சாவடிக்குது லா! ஏம்மா, அந்த ஃபேன கொஞ்சம் ஓப்பன் பண்ணு!"

விற்பனைப் பெண் பிரமிளா சுவிட்சைத் தட்டினாள்.

ஃபேன் சுற்றியது.

எல்லோரும் ஃபேனைப் பார்த்தார்கள்.

"சார்..." என்றாள் நவமணி மெதுவாக.

"என்ன?"

"ஃபேன் சுத்துது சார்."

"சுத்தத்தானே சொன்னேன்?"

"இல்ல சார். ஓப்பன் பண்ணச் சொன்னீங்க."

பேனா நின்றது. இன்ஸ்பெக்டர் ஃபேனை நிமிர்ந்து பார்த்தார். அது அவர் மானத்தைப் பற்றிக் கவலைப்படாமல் சுற்றிக்கொண்டிருந்தது. பிரமிளா சிரிப்பை அடக்க முடியாமல் கவுண்டருக்குக் கீழே குனிந்து எதையோ தேடினாள்.

"அது... அது பேச்சு வழக்கு!"

"அட்டையையும் அதே வழக்குலதான் எழுதுனேன் சார்!"

பிடி கிடைத்துவிட்டது. நவமணி விடுவாளா?

"சரி சார், கரண்ட் இல்லன்னே அவரு நெனச்சிருக்கட்டும். என் மெஷினுக்குள்ள அவருக்கு என்ன வேலை? பத்து மணிக்கு நானே தகட்டக் கழட்டப் போறேன். ஒன்பதரைக்கு அவரு எதுக்கு அவசர அவசரமா எட்டு ஸ்க்ரூவக் கழட்டணும்?"

இன்ஸ்பெக்டரின் புருவம் ஏறியது.

"எல்லாரும் மாடிக்கு வாங்க!"

மாடியில் நவமணி அடைத்திருந்த சுவிட்சில் ஒரு சிவப்புப் பூட்டை மாட்டினாள். சாவியைப் பாக்கெட்டில் போட்டாள். மீட்டரை வைத்து மெஷினுக்குள் சொட்டுக் கரண்ட் இல்லை என்று காட்டினாள்.

"இர்வான் தம்பி, இப்ப தைரியமா கைய விடுங்க. சாவி என்கிட்ட."

கான்ஸ்டபிள் இர்வான் மெஷினைப் பார்த்தான். அட்டையைப் பார்த்தான். கண்ணை இறுக மூடிக்கொண்டு கையை விட்டான். கம்ப்ரசரைச் சுற்றி, சத்தம் வெளியே வராமல் இருக்கப் போர்த்திய கனத்த உறை. அதன் இடுக்கில் துழாவினான்.

"துவான்!" என்று இன்ஸ்பெக்டரைக் கூப்பிட்டான்.

வெளியே வந்தது கை.

விரல்களுக்கு நடுவே... வைர மாலை!

"என் மாலை!" என்று தங்கராஜு கத்தினார்.

இன்ஸ்பெக்டர் சட்டென்று நவமணி பக்கம் திரும்பினார். கைவிலங்கு மின்னியது.

"ஒளிச்சிருந்தது உங்க மெஷின்ல. மாட்டுனது நீங்க. கழட்டிப் பாக்கப் போனவருக்கு ஷாக்! பிரமாதமான பிளான்!"

"சார்! நான் வச்சிருந்தா..."

ட்ரிங்... ட்ரிங்...!

தங்கராஜுவின் ஃபோன்! ஆஸ்பத்திரியில் இருந்து சுபாஷினி. ஸ்பீக்கரில் போட்டார்.

"அப்பா! அவரு கண்ணு முழிச்சிட்டாருப்பா! உயிருக்கு ஒண்ணுமில்லயாம்!"

"முருகா!"

"ஆனா ஏதோ ஒளறுறாருப்பா. 'மெஷின்ல இருந்த மாலைய எடுத்துட்டாங்களா, எடுத்துட்டாங்களா'ன்னு அதையே கேக்குறாரு. எந்த மாலைப்பா? மாலைதான் காணாமப் போச்சே?"

இன்ஸ்பெக்டர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

மாலை கிடைத்து இரண்டு நிமிஷம்கூட ஆகவில்லை. ஆஸ்பத்திரிக்கு யாரும் சொல்லவும் இல்லை!

பின்னணியில் புவனேஸ்வரனின் குரல் பரிதாபமாகக் கேட்டது. "ஓப்பன்னுதானே எழுதியிருந்துச்சு... ஓப்பன்னா கரண்ட் இருக்கக் கூடாதே..."

தங்கராஜு தொப்பென்று தரையில் உட்கார்ந்தார். கடையை எழுதிவைக்க இருந்த மருமகன். அவருக்கு அழுகையே வந்துவிட்டது.

இன்ஸ்பெக்டர் விலங்கை மடக்கி இடுப்பில் செருகினார்.

"அன்னிக்கு நாங்க கதவ அடைச்சப்போ இந்த மெஷின் தொறந்து கெடந்துச்சா?"

"நான் கீழ குழாய் மாட்டிக்கிட்டிருந்தேன் சார். மேல ஆள் இல்ல."

"மாப்பிள்ளை அதுல செருகிட்டான். நீங்க தகட்ட மூடிட்டீங்க. அப்புறம் மாடியப் பூட்டியாச்சு, சாவி மாமனார் இடுப்புல. இன்னிக்குப் பத்து மணிக்குத் தொறப்பேன்னு நேத்து நீங்க ஊருக்கே சொன்னதும் ஐயாவுக்கு வயித்தக் கலக்கிடுச்சு. காலைல சாவியச் சுட்டுட்டு ஓடி வந்திருக்கான்!"

"மெயின் சுவிட்ச் கைப்பிடி மேல பாத்து இருந்துச்சு சார். ஆன்னா மேல. அதக்கூடப் பாக்கல!"

"படிச்சவன் இல்ல? அட்டையைப் படிச்சான்." இன்ஸ்பெக்டர் தொண்டையைச் செருமினார். "நவமணி... மனசுல வச்சுக்காதீங்க."

அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. அதை மறைக்க மெஷினுக்குள் தலையை விட்டாள்.

"மொதலாளி, ஒரு வயரு கருகியிருக்கு. மாத்தணும். மாத்திட்டு மறுபடி ஹீட்டர் ஒரு நாள் ஓடணும். நாளைக்குத்தான் ஸ்டார்ட்."

"இன்னும் ஒரு நாளா?" தங்கராஜு முனகினார். "மருமவனும் போயிட்டான்... குளிரும் வரல..."

இன்ஸ்பெக்டர் படியிறங்கப் போனவர் நின்றார்.

"இந்தத் தடவ அட்டையில 'ஆன்'னு எழுதுங்க. பழசு எனக்கு வேணும். சாட்சி."

நவமணி அட்டையைக் கழற்றிக் கொடுத்தாள்.

"கேஸ் முடிஞ்சதும் அத அப்படியே லாக்கப் கதவுல மாட்டிடுங்க சார். பூட்டுகூட வேணாம்."

"ஏன்?"

"ஓப்பன்னா ஓடாதுன்னு படிச்சவரு சார்... ஓட மாட்டாரு!"